லேப் டைரி: கடுகு எண்ணத் தெரியுமா பாஸ்?

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நேரா சமையலறைக்குப் போங்க. அம்மா பார்க்காத நேரமா அஞ்சறைப்பெட்டியில இருந்து ரெண்டு சிட்டிகை கடுகு எடுத்து ஒரு வெள்ளைத் தட்டுல தூவுங்க. மொபைல்ல ஒரு படம் எடுங்க. கடுகை மறுபடி பெட்டியிலயே போட்டுடுங்க (இது ரொம்ப முக்கியம், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது). இப்போ படத்தை மட்டும் பார்த்து, மொத்தம் எத்தனை கடுகுன்னு சொல்லுங்க பார்ப்போம்.

'இதென்ன பிரமாதம்'னுதான் ஆரம்பிப்பீங்க. முப்பதைத் தாண்டினதும் தலை சுத்தும். இங்க ரெண்டு கடுகு ஒட்டிக்கிட்டு இருக்கே, அது ஒண்ணா ரெண்டா? தட்டு ஓரத்துல கறுப்பா தெரியறது கடுகா, நிழலா? பாதி உடைஞ்சது கணக்குல சேருமா? நடுவுல ஒரு சீரகம் எட்டிப் பார்க்குதே, அதை என்ன பண்றது? அதே படத்தை உங்க தங்கச்சிகிட்ட கொடுங்க. வேற நம்பர் சொல்லுவா. ஒரு மணி நேரம் கழிச்சு நீங்களே எண்ணுங்க. நீங்களே வேற நம்பர் சொல்லுவீங்க!

இந்த செமஸ்டர் லீவு முழுக்க நான் பார்த்த வேலை இதுதான். கடுகுக்குப் பதிலா செல். உடனே பாக்கெட்டைத் தடவாதீங்க பாஸ், உடம்புல இருக்கிற செல்லைச் சொல்றேன்.

நான் ஈ.சி.இ. மூணாவது வருஷம் முடிச்சவன். ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தப்பவே உயிரியலுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லைன்னு ஆயிடுச்சு. ஆனா ஒரு உயிரியல் ஆராய்ச்சிக்கூடத்துல 'இமேஜ் ப்ராசஸிங் தெரிஞ்ச ஸ்டூடன்ட் வேணும்'னு கேட்க, எங்க மேடம் என்னைத் தள்ளிவிட்டுட்டாங்க. 'அந்தப் பேப்பர்ல ஏ கிரேடு வாங்கினவன்தானே, போயிட்டு வா!' பரீட்சையில 13 மார்க் கேள்விக்கு எழுதறது வேற, நிஜப் படத்தோட மல்லுக்கட்டுறது வேறங்கிறது போன முதல் நாளே தெரிஞ்சுபோச்சு.

அங்கே பி.எச்டி. பண்ற ஒரு அக்காவுக்கு நான் எடுபிடி. அவங்க ஆராய்ச்சி இதுதான்: சின்னத் தட்டுல வளர்ற புற்றுநோய் செல்கள் மேல ஒரு செடியோட சாறை விட்டா, செல் எண்ணிக்கை குறையுதா இல்லையா? சாறு விட்ட தட்டு ஒரு பக்கம், விடாத தட்டு ஒரு பக்கம். ரெண்டையும் மைக்ராஸ்கோப்ல படம் எடுத்து எண்ணணும். எண்ணறது என் வேலை.

முதல் நாளே அசடு வழிஞ்சேன். 'அக்கா, படத்தையெல்லாம் வாட்ஸ்அப்ல தட்டிவிடுங்களேன்'னேன். பிரியாணியில ரசம் ஊத்திக் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்க. 'தம்பி, அது படம் இல்ல, டேட்டா'ன்னாங்க.

அப்போ புரியலை. இப்போ சொல்றேன். டாப்பின்னு ஒரு சாயம் இருக்கு. செல்லுக்குள்ள நியூக்ளியஸ்ல இருக்கிற டி.என்.ஏ.வோட போய் ஒட்டிக்கும். அது மேல புற ஊதா ஒளியைப் பாய்ச்சினா நீலமா மினுங்கும். கறுப்பு வானத்துல நீல விளக்கு ஏத்தி வெச்ச மாதிரி அவ்வளவு அழகு! ஆனா அந்த நீலம் பெரும்பாலும் நாம பின்னாடி பூசுறதுதான். இந்த மாதிரி மைக்ராஸ்கோப்ல இருக்கிற கேமராக்கள்ல நிறைய, நிறமே தெரியாத கறுப்பு வெள்ளை கேமராக்கள். எந்தப் புள்ளியில எவ்வளவு ஒளி விழுந்ததுன்னு ஒரு நம்பர் மட்டும் குறிச்சுக்கும். 12 பிட் கேமரான்னா 0-ல இருந்து 4095 வரைக்கும் ஒரு நம்பர். உங்க மொபைல்ல வர்ற சாதாரண படத்துல ஒரு நிறத்துக்கு 0-ல இருந்து 255 வரைக்கும்தான். வாட்ஸ்அப்ல போனா, ஜேபெக் ஆகி, கண்ணுக்குத் தெரியாதுன்னு நினைக்கிற விவரத்தையெல்லாம் சுருட்டித் தூக்கிப் போட்டுடும். பிறந்தநாள் போட்டோவுக்கு அது ஓ.கே. நம்பரை நம்பிப் பிழைக்கிற படத்துக்கு அது கழுத்தறுப்பு.

இன்னொரு கூத்து கேளுங்க. மங்கலான படத்தைத் திறந்தா, நிறைய சாஃப்ட்வேர் தானாவே பளிச்னு காட்டும். ரொம்ப மங்கலா ஒண்ணு, ரொம்பப் பிரகாசமா ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்தா ஒரே மாதிரி தெரியும். உள்ள இருக்கிற நம்பர் 200, 2000-னு இருக்கும். கண்ணை நம்பினா அவ்வளவுதான்.

சரி, எண்ணறது எப்படி? அதுக்கு இமேஜ்-ஜேன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர். அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனத்துல வேலை பார்த்த வெய்ன் ராஸ்பேண்ட் 1997-ல உருவாக்கினது. பார்க்கப் பழைய காலத்து ரேடியோப் பெட்டி மாதிரி ஒரு பட்டை, நாலு பட்டன். ஆனா உலகத்துல பாதி உயிரியல் லேப் அதை வெச்சுத்தான் பொழப்பை ஓட்டுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

படத்துல 'இந்த நம்பருக்கு மேல இருந்தா செல், கீழ இருந்தா வெறும் இருட்டு'ன்னு ஒரு கோடு கிழிக்கணும். அதுதான் த்ரெஷோல்டு. கோட்டை எங்க கிழிக்கிறதுன்னு கணக்கு போட்டுச் சொல்ல, ஜப்பான்காரர் ஓட்சு 1979-ல ஒரு வழி கொடுத்தார். எந்தெந்த நம்பர்ல எத்தனை புள்ளின்னு வரைபடம் போட்டா, இருட்டுக்கு ஒரு மலை, செல்லுக்கு ஒரு மலை வரும். ரெண்டு மலையையும் நல்லா பிரிக்கிற இடத்துல வெட்டு! கேட்க அருமையா இருக்குல்ல? புத்தகத்துல எப்பவும் ரெண்டு மலை அழகா வரும். என் படத்துல ஒரு மலையும் ஒரு மேடும் வந்துச்சு. ஏன்னா விளக்கு வெளிச்சம் படத்தோட நடுவுல அதிகம், ஓரத்துல கம்மி. போதாக்குறைக்கு இந்தச் சாயத்துக்கு ஒரு கெட்ட குணம். ஒளியைப் பாய்ச்சப் பாய்ச்ச அது வெளிறிப் போகும். அதிக நேரம் உத்துப் பார்த்த இடம் மங்கல், சட்டுனு எடுத்த இடம் பளிச். பார்க்கிறதே பொருளைக் கெடுக்குது!

அடுத்து ஒட்டிக்கிட்டு இருக்கிற செல்கள். அதுக்கு வாட்டர்ஷெட்னு ஒரு வித்தை. படத்தை மேடு பள்ளமான நிலமா நினைச்சுக்குங்க. ஒவ்வொரு செல்லும் ஒரு குளம். தண்ணி ஏற ஏற, ரெண்டு குளம் கலக்கப் போற இடத்துல ஒரு கரை கட்டிடும். அந்தக் கரைதான் ரெண்டு செல்லுக்கும் எல்லை. ஒட்டின செல்லை அழகா பிரிக்கும். சில நேரம் நல்லா இருக்கிற ஒரே செல்லை மூணா வெட்டி வெச்சிட்டு நல்ல பிள்ளை மாதிரி நிக்கும். இதுல சாகிற செல் வேற தனி ரகளை. அதோட நியூக்ளியஸ் சுருங்கி, பிரகாசமாகி, துண்டு துண்டா உடையும். அஞ்சு துண்டு கிடந்தா, அது அஞ்சு செல்லா, செத்துப் போன ஒரு செல்லா? கம்ப்யூட்டரைக் கேட்டா அஞ்சுங்கும்.

இதெல்லாம் பரவாயில்லை மக்களே. இதுவரைக்கும் சொன்னது படத்தோட குத்தம். இனிமே சொல்லப் போறது என் குத்தம்.

என்கிட்ட ரெண்டு ஃபோல்டர். ஒண்ணு 'சாறு', இன்னொண்ணு 'கன்ட்ரோல்'. ஓட்சு சொதப்பினதால, ஒவ்வொரு படத்துக்கும் நானே ஸ்லைடரை நகர்த்தி, 'ஆங், இப்போ சரியா இருக்கு'ன்னு தோணுற இடத்துல நிறுத்தினேன். கன்ட்ரோல் படத்துல மங்கலா ஒண்ணு தெரிஞ்சா 'பாவம், செல்லுதான், ஃபோகஸ் கொஞ்சம் அவுட்'னு சேர்த்துக்கிட்டேன். சாறு படத்துல அதே மாதிரி ஒண்ணு தெரிஞ்சா 'ப்ச், குப்பை'ன்னு தள்ளினேன். சத்தியமா வேணும்னே பண்ணலை. அந்த நேரத்துல அப்படித்தான் தெரிஞ்சுது. அக்கா மூணு வருஷமா அந்தச் செடியோட போராடுறாங்க, சாறு வேலை செய்யணும்னு எனக்கும் ஆசை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு பாட்டி சொன்னது வேற யாரையோன்னு நினைச்சிருந்தேன்.

ரிசல்ட் வந்துச்சு பாருங்க... ஒரு பார் உச்சாணியில, இன்னொரு பார் பாதாளத்துல! அக்கா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு கேன்டீன்ல ஒரு சமோசா, ஒரு லெமன் ஜூஸ். படத்தை அப்படியே எடுத்து கான்ஃபரன்ஸ் போஸ்டர்ல வெச்சுட்டாங்க. கீழ கடைசியா என் பேரு!

எப்போ உறைச்சுது தெரியுமா? லேப் லைப்ரரியில குரோமோசோம் பத்தி ஒரு கட்டுரை படிச்சப்போ. மனுஷ செல்லுல எத்தனை குரோமோசோம்? 46. பத்தாவது படிச்சவங்க எல்லாரும் சொல்லுவோம். ஆனா முப்பது வருஷத்துக்கும் மேல உலகம் பூரா 48-னு பாடம் நடத்திக்கிட்டு இருந்தாங்க! அமெரிக்காவுல தியோஃபிலஸ் பெயின்டர்னு ஒருத்தர், மைக்ராஸ்கோப்ல பார்த்துப் பார்த்து எண்ணினவர். 1921-ல 46-ஆ 48-ஆன்னு அவருக்கே குழப்பம். 1923-ல 48-னு முடிவு பண்ணிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஸ்லைடுல குரோமோசோமெல்லாம் நூடுல்ஸ் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கும். ஒட்டிக்கிட்ட கடுகு கதைதான்.

அசத்தல் என்னன்னா, அதுக்கப்புறம் எண்ணினவங்களுக்கும் 48-தான் கிடைச்சுது. 1952-ல டெக்சாஸ்ல டி.சி.சூன்னு ஒரு விஞ்ஞானி. யாரோ உப்புக் கரைசலைத் தப்பா கலக்கி, உப்பு கம்மியாகிப்போக, செல் உப்பி, உள்ளே இருந்த குரோமோசோமெல்லாம் தனித்தனியா விரிஞ்சு நின்னுச்சு. லட்டு மாதிரி படம்! அதைக் கையில வெச்சுக்கிட்டு அவரும் 48-னுதான் எழுதினார். கண்ணு முன்னாடி 46 இருக்கு, தலைக்குள்ள 48 இருக்கு. தலை ஜெயிச்சுடுச்சு. ஸ்வீடன்ல இன்னொரு குழு, எண்ணும்போதெல்லாம் 46-தான் வருது, மிச்சம் ரெண்டைக் காணோமேன்னு அந்த வேலையையே கைவிட்டுட்டாங்க! கடைசியா 1955 டிசம்பர்ல, ஸ்வீடனோட லுண்டு நகரத்துல, ஜாவாவுல பிறந்த ஜோ ஹின் ஜியோ விரிச்சுப் போட்டு எண்ணினார். ஆல்பர்ட் லெவனோட சேர்ந்து 1956-ல வெளியிட்டார். 46. அவ்வளவுதான்.

படிச்சு முடிச்சப்போ வயித்துல சமோசா புரண்டுச்சு. 'நானும் அந்த 48 கேஸ்தானே?'

இதைவிட மோசமான கேஸும் இருக்கு. தெரிஞ்சே பண்றவங்க. கொரியாவுல ஹ்வாங் வூ-சுக் 2005-ல 11 ஸ்டெம் செல் வரிசை உருவாக்கிட்டதா 'சயின்ஸ்' இதழ்ல எழுதினார். விசாரிச்சா, ஒரே செல்லோட படங்களையே வேற வேற பேர்ல ஓட்டியிருக்காங்க. 2006 ஜனவரியில அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கினாங்க. எலிசபெத் பிக்னு ஒரு ஆராய்ச்சியாளர், கூட ரெண்டு பேர், சேர்ந்து 20,621 கட்டுரைகளோட படங்களைச் சோதிச்சு 2016-ல ரிசல்ட் போட்டாங்க. 3.8 சதவிகிதத்துல படம் சரியில்லை. அதுல பாதிக்காவது வேணும்னே பண்ணின மாதிரி தெரியுதுன்னாங்க. இத்தனைக்கும் அந்தம்மா பார்த்தது வெறும் கண்ணால! 'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' 2002-ல இருந்தே, ஏத்துக்கிட்ட கட்டுரைகள்ல இருக்கிற படங்களைச் சோதிச்சுத்தான் அச்சுக்கு அனுப்புது. விதி ரொம்ப சிம்பிள். வெளிச்சத்தைக் கூட்டுறியா? மொத்தப் படத்துக்கும் கூட்டு. ஒரு மூலையை மட்டும் தொட்டுத் துடைச்சா அவுட். செல்ஃபிக்கு பியூட்டி ஃபில்டர் போடுறவங்க யாரும் அங்க போயிடாதீங்க.

நான் எதையும் துடைக்கலை, ஒட்டலை. என் படங்கள் எல்லாம் அக்மார்க் ஒரிஜினல். அதனால எந்த எடிட்டர் சோதிச்சாலும் நான் மாட்டவே மாட்டேன். அந்த நினைப்புதான் ராத்திரி தூங்க விடலை. ஸ்லைடரை எங்க நிறுத்தினேன்னு நான் எங்கயும் எழுதிக்கூட வைக்கலையே!

'இப்பதான் ஏ.ஐ. வந்துடுச்சே, அதுகிட்ட கொடுத்துட்டா போச்சு'ன்னு என் ரூம்மேட் சொன்னான். உண்மைதான். 2015-ல ஜெர்மனியில ஃப்ரைபர்க்ல செஞ்ச யூ-நெட்டைப் பார்த்தா அசந்துபோவீங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம் வெறும் 30-ஐ வெச்சே பழக்கினாங்க. அதையே வளைச்சு, நெளிச்சு, திருப்பி நூத்துக்கணக்கா காட்டி. அப்புறம் செல்போஸ், ஸ்டார்டிஸ்ட்னு ரெடிமேடாவே வந்துடுச்சு. ஒட்டின செல்லை என் வாட்டர்ஷெட்டைவிட நூறு மடங்கு அழகா பிரிக்குது. ஆனா அதுக்குப் பாடம் எடுத்தது யாரு? மவுஸைப் பிடிச்சு 'இது செல், இது குப்பை'ன்னு கோடு போட்ட ஒரு மனுஷன். என்னை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்து கோடு போட்டிருந்தா? என் ஆசையும் சேர்ந்து உள்ளே போயிருக்கும். வேற மைக்ராஸ்கோப், வேற சாயம்னா அது தடுமாறவும் செய்யும். தடுமாறுறப்பவும் தயங்காம ஒரு நம்பர் கொடுக்கும் பாருங்க, அதுதான் எனக்குப் பயம்.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். பக்கத்து லேப்ல இன்டர்ன்ஷிப் பண்ற என் கிளாஸ்மேட்கிட்ட ரெண்டு ஃபோல்டரையும் கொடுத்து, எல்லாப் படத்துக்கும் பேரை மாத்தி, குலுக்கி, வெறும் நம்பர் போட்டுத் தரச் சொன்னேன். எந்த நம்பர் எந்த ஃபோல்டர்ங்கிற லிஸ்ட் அவகிட்ட மட்டும். முதல்ல ஓரத்து இருட்டைச் சரி பண்ணினேன். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மினுங்குற ஒரு ஸ்லைடைப் படம் எடுத்து, அதால வகுத்தா வெளிச்சம் சமமாகும். அப்புறம் நாலஞ்சு படத்துல மட்டும் பார்த்து த்ரெஷோல்டு முறையை முடிவு பண்ணி, எழுதி வெச்சு, ஒரு மேக்ரோவுல போட்டுப் பூட்டினேன். இனிமே நான் ஸ்லைடரைத் தொடவே முடியாது. இருபது படத்தை மட்டும் கையாலயும் எண்ணி, மேக்ரோ சரியா சொல்லுதான்னு ஒப்பிட்டேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் லிஸ்ட்டை வாங்கினேன்.

வித்தியாசம் இருந்துச்சு. ஆனா முன்னாடி வந்ததுல பாதிகூட இல்லை.

இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்துச்சு. நான் ஏதோ ஆயிரக்கணக்கான செல்லை எண்ணிட்டோம்னு மிதப்புல இருந்தேன். உண்மையில சோதனை நடந்தது மூணு தடவை. ஒரே தட்டுல இருக்கிற ஆயிரம் செல்லும் ஒரே சோதனைதான். ஒரே வகுப்புல அறுபது பேர்கிட்ட கேட்டுட்டு, அறுபது காலேஜ்ல கேட்டேன்னு சொல்ல முடியாதில்லையா? மூணு தடவையில ஒரு தடவை, சாறு விட்ட தட்டுக்கும் விடாத தட்டுக்கும் வித்தியாசமே காணோம்.

அக்காகிட்ட சொல்லணும். போஸ்டர் பிரின்ட்டுக்குப் போக நாலு நாள்தான் இருக்கு. கேன்டீன்ல வெச்சு சொல்லலாம்னா தொண்டையிலயே நிக்குது. கடைசியில லேப்லயே, அவங்க கையில பிப்பெட் இருக்கும்போது போய் நின்னேன். 'அக்கா, நான் எண்ணினது தப்பு.' பிப்பெட்டைக் கீழ வெச்சாங்க. எல்லாத்தையும் சொன்னேன். ஸ்லைடர், மங்கலான செல், குப்பை, எல்லாம். திட்டுவாங்கன்னு பார்த்தா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அது திட்டறதைவிடக் கொடுமைங்க.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'எந்த இடத்தைப் படம் எடுக்கணும்னு மைக்ராஸ்கோப்ல தேடினது நான்தானே தம்பி? அப்போ எனக்குத் தெரியுமே, எது சாறு, எது கன்ட்ரோல்னு?'

எனக்கு அது தோணவே இல்லை. என் ஸ்லைடருக்கு முன்னாடியே அவங்க கண்ணு ஒரு ஸ்லைடர் ஓட்டியிருக்கு! சாறு தட்டுல செல் கம்மியா இருக்கிற இடமா, கன்ட்ரோல்ல நெரிசலா இருக்கிற இடமா, தெரியாமலே தேர்ந்தெடுத்திருக்கலாம். அப்போ நான் மறுபடி எண்ணின நம்பரும்...

அன்னைக்கு சாயந்திரமே அக்கா அவங்க புரொஃபசரைப் பார்த்துப் பேசினாங்க. அந்தப் பார் படம் போஸ்டர்ல இருந்து போச்சு. அந்த இடத்துல செல் வளர்க்கிற முறையைப் பத்தி ஒரு கட்டம் வந்துச்சு, பார்க்கவே சப்புனு இருந்துச்சு. சோதனையை முதல்ல இருந்து பண்றாங்க. இந்தத் தடவை தட்டு மேல வெறும் நம்பர்தான். எந்த இடத்தைப் படம் எடுக்கணும்னு, முன்னாடியே முடிவு பண்ணின கட்டங்களை வெச்சு மைக்ராஸ்கோப் மேடையே தானா நகர்ந்து எடுக்குது. சாறு வேலை செய்யுதா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. என் இன்டர்ன்ஷிப் முடிஞ்சு வந்துட்டேன், அக்கா மெசேஜுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன்.

போஸ்டர்ல என் பேரை மட்டும் எடுக்கலை மக்களே. கடைசி வரியில அப்படியே இருக்கு. ஆனா இனிஷியலைத் தப்பா போட்டிருக்காங்க!